அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிய கதை

போலிங்புரூக், இல்லினாய்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலிக்குத் தைலம் தீர்ந்துவிட்டதாக உங்கள் மகள் சொன்னாள். அடுத்து யார் வந்தாலும் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டதாக அம்மா மன்னார்குடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கோயில் பிரகாரத்தில் இரண்டு பேரிடம் சொல்லி, அவர்கள் ஆளுக்கு நாலு பேரிடம் சொல்லி, போன வாரம் ஒருத்தர் எனக்கே போன் போட்டு, "ஜாமீன் கிடைச்சுதா தம்பி?" என்று விசாரித்தார். மாமா, அது முழுப் பொய் இல்லை. அனுப்பினது நான்தான். டிக்கெட் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் ஜோலியட் என்று ஓர் ஊர். அங்கே 1858-ல் திறந்த சிறைச்சாலை ஒன்று, சுண்ணாம்புக்கல் மதிலும் கொத்தளமுமாகப் பழைய கோட்டை மாதிரி நிற்கிறது. 2002-ல் கைதிகளைக் காலிசெய்து பூட்டிவிட்டார்கள். இப்போது சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் இங்கே வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். அப்பா குரங்குக் குல்லாவை இறக்கி விட்டுக்கொண்டு (மே மாதம், மாமா!) கேட்டைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார். "நம்ம ஊர்ல உள்ளே போறதுக்குக் காசு கிடையாதேடா. ஏதாவது செஞ்சா அவனே வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போவான்" என்றார். அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. உள்ளேயே உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் இரண்டு தடவை சொல்லி முடித்தாள். "எல்லார் வீட்டுப் பிள்ளைங்களும் நயாகரா காட்டுறாங்க. ஜெயில் வாசல் போட்டோவை நான் யார்கிட்ட காட்டுறது?" என்று திரும்பி வரும்போது வழியெல்லாம் பாட்டு.

இவ்வளவுக்கும் காரணம் ஓர் இசைத்தட்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த நாளில் ஊரில் உங்களைத் தவிர வேறு யாரிடம் தட்டைப் பற்றிப் பேச முடிந்தது?

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் சிகாகோ நகரத்தில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கறுப்பினத்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் மிசிசிப்பியில் பருத்திக்காட்டு வேலையை விட்டுவிட்டு ரயிலேறி சிகாகோ வந்தவர்கள். பெரியவர் இப்போது மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்து, சாமான்களைக் கார் ஷெட்டில் பரப்பி விற்றார். இங்கே இதற்கு கராஜ் சேல் என்று பேர். நம்ம ஊர் சந்தைதான், பேரம் மட்டும் மெதுவான குரலில் நடக்கும். ஓர் அட்டைப்பெட்டி நிறைய எல்பி தட்டு. குனிந்து புரட்டினேன். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு வெள்ளைக்காரர்கள் அட்டையில் நின்றார்கள். 'தி புளூஸ் பிரதர்ஸ்', சினிமாப் படத்துப் பாட்டு. விலை 2 டாலர்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே எடுத்தேன். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, கோடு ஏதாவது குறுக்கே ஓடுகிறதா என்று பார்த்தேன். விரல் உள்ளே பட்டால் விரலை வெட்டுவேன் என்று நீங்கள் மிரட்டியது ஞாபகம் வந்து, நாற்பத்தெட்டு வயதில் விரலை மடக்கிக்கொண்டேன். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "தட்டைப் பிடிக்கத் தெரிந்தவன்" என்று சொல்லி, பழைய டர்ன்டேபிளையும் ஒரு கேசட் டெக்கையும் 20 டாலருக்குத் தலையில் கட்டினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உங்கள் மகள் கேட்ட முதல் கேள்வி, "அத்தான், இதை எங்கே வைக்கப் போறீங்க?" இரண்டாவது கேள்வி கிடையாது. எங்கேயும் வைக்கக்கூடாது என்பதுதான் முதல் கேள்வியின் அர்த்தம்.

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1980-ல் வந்தது, டைரக்டர் ஜான் லாண்டிஸ். அண்ணன் ஜோலியட் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறான். அவர்களை வளர்த்த அநாதை இல்லத்துக்கு 5,000 டாலர் வரி பாக்கி. பழைய பேண்டு ஆட்களை ஒவ்வொருத்தராகத் தேடிப் பிடித்து, ஒரு கச்சேரி வைத்து, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். அண்ணனாக ஜான் பெலூஷி, தம்பியாக டான் அய்க்ராய்ட். இரண்டு பேரும் டிவி காமெடியில் பேர் வாங்கியவர்கள். 5,000 டாலரைக் கட்டி முடிப்பதற்குள் 103 கார்களை நொறுக்கியிருக்கிறார்கள். இதில் எந்தக் கணக்கும் எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் தாலுகா ஆபீஸ் அனுபவத்தில் உடனே புரிந்தது. "வரி பாக்கின்னா அப்படித்தான்" என்றார். ஹார்வி என்ற ஊரில் மூடிக் கிடந்த மால் ஒன்றுக்குள் கடைகளையெல்லாம் புதுசு போல அலங்கரித்து, அதற்குள்ளேயே காரை விட்டு அடித்துத் தள்ளினார்கள். அந்த மால் அப்புறம் திறக்கவே இல்லை, 2012-ல் இடித்தார்கள்.

காமெடி இருக்கட்டும். நமக்குப் பாட்டுதான் முக்கியம்.

அட்டைக்குப் பின்னால் வாசித்தவர்கள் பெயரைப் பார்த்தேன். முன்னால் நிற்கிற இரண்டு பேரும் சிரிப்பு நடிகர்கள், சரி. பின்னால் கிதார் ஸ்டீவ் க்ராப்பர், பேஸ் கிதார் டொனால்ட் டன். இவர்கள் யார் தெரியுமா? மெம்பிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் என்கிற ரெக்கார்டு கம்பெனியில் 1960-களில் வந்த பல பாட்டுகளுக்கு முதுகெலும்பாக வாசித்தவர்கள். ஓட்டிஸ் ரெட்டிங் பாட்டுகளில் பின்னால் கேட்கிற கிதார் இந்த க்ராப்பருடையது. இன்னொரு கிதார் மேட் மர்ஃபி, சிகாகோ புளூஸில் பழம் தின்று கொட்டை போட்டவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் பாட ஆசைப்பட்டான் என்பதற்காக வயலினுக்கு லால்குடியையும் மிருதங்கத்துக்குப் பாலக்காடு மணி ஐயரையும் உட்கார வைத்த மாதிரி.

பெலூஷியின் குரல் சுமார்தான். இதை எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவர் இன்னும் கடுமையாகச் சொன்னார். வெள்ளைக்காரப் பையன்கள் இரண்டு பேர் முன்னால் நின்று பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள், எங்கள் ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டு கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்றார். ஆனால் அந்த ஒரு பாட்டுக்காகத்தான் தட்டு வாங்கினாராம். 1980-ல் எங்கே திரும்பினாலும் டிஸ்கோ. சோல் மியூசிக் பாடுகிற ரே சார்ல்ஸ், ஜேம்ஸ் பிரவுன், அரீத்தா ஃபிராங்க்ளின் எல்லோருக்கும் மார்க்கெட் இறங்கியிருந்த நேரம். கார் நொறுங்குவதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் இவர்களை நிறுத்திப் பாட வைத்துவிட்டார்கள்.

எனக்கு உடனே உங்கள் கடைதான் ஞாபகம் வந்தது, மாமா. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் சென்டர். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் பதினாறு பாட்டு எழுதி, டிடிகே 60 கேசட்டோடு நீட்டுவார்கள். நீங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிஷக் கணக்குப் போட்டுப் பார்ப்பீர்கள். கடைசியில் மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் பாதிப் பாட்டைப் போட்டு அறுத்துவிடுவார்கள். நீங்கள் அந்த மிச்சத்தில் யாரும் கேட்காத ஒன்றைப் போட்டு அனுப்புவீர்கள். ரஜினி பாட்டாக எழுதிக் கொடுத்த மெக்கானிக் ஒருத்தர் கேசட் கடைசியில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வந்ததைக் கேட்டு, "என்ன சார் எழவு வீடு மாதிரி இருக்கு" என்று சண்டைக்கு வந்தாரே. அடுத்த வாரம் அவரே வந்து, "அந்த நாயனம் முழுசா இருக்கா சார்?" என்று கேட்டார். கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து ரெனால்ட்ஸ் பேனாவில் கேசட் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் படக்காரர்களும் உங்கள் வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். காமெடி, பார்க்க வந்தவன் எழுதிக் கொடுத்த லிஸ்ட். சோல் மியூசிக், கடைசி நாலு நிமிஷம்.

சோல் என்றதும் அப்பா, "செருப்புக்கு அடியில ஒட்டுவானே, அந்த சோலா?" என்று கேட்டார். ஆத்மா என்று விளக்கம் சொன்னேன். அப்புறம் படத்தில் ஜேம்ஸ் பிரவுன் பாதிரியாராக வரும் சர்ச் காட்சியைப் போட்டுக் காட்டினேன். சபை முழுக்க எழுந்து தரையை உதைத்து ஆடுகிறது, நாலு பேர் அந்தரத்தில் கரணம் அடிக்கிறார்கள். அப்பா என்னைப் பார்த்து, "நான் சொன்ன சோல்தான்" என்றார். அதற்கு மேல் வாதாட முடியவில்லை.

அந்தப் பாட்டு சர்ச்சிலேயே பாடுகிற பழைய பாட்டு. இந்த சங்கீதமே சர்ச்சிலிருந்து படியிறங்கித் தெருவுக்கு வந்ததுதான். அரீத்தாவின் அப்பா டெட்ராய்டில் பெயர் பெற்ற பாதிரியார்; பெண் அந்த சர்ச்சில் பாடி வளர்ந்தவர். ரே சார்ல்ஸ் 1950-களில் சர்ச் மெட்டை எடுத்துக் காதல் பாட்டு போட்டபோது பக்திமான்கள் கொதித்துப்போனார்கள். ஓதுவார் ஒருத்தர் அதே பண்ணில், அதே உருக்கத்தோடு, பக்கத்துத் தெருப் பெண்ணைப் பற்றிப் பாடினால் நம்ம தெற்கு வீதியில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது அரீத்தா. தட்டின் இரண்டாவது சைடில் முதல் பாட்டு. பாட்டின் பெயர் 'திங்க்', யோசி என்று அர்த்தம். 1968-ல் அவரே பாடிப் பெயர் வாங்கிய பாட்டைப் படத்துக்காக மறுபடி பாடினார். படத்தில் அவர் சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். புருஷன் அங்கே சமையல்காரன் (கிதார் மர்ஃபிதான்). பழைய நண்பர்கள் வந்து கூப்பிட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு பேண்டோடு கிளம்பப் பார்க்கிறான். அம்மாள் ஏப்ரனும் வீட்டுச் செருப்புமாக வந்து நின்று, போகிறதுக்கு முன்னால் யோசி என்று பாட்டாலேயே விளாசுகிறார். விளாசல் என்றால், கல்லாவுக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பெண்கள் எழுந்து கூடப் பாடுகிற விளாசல். அவ்வளவையும் கேட்டுவிட்டு புருஷன் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

உங்கள் மகளுக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. நான் புதுசாக ஏதாவது வாங்க வாயைத் திறந்தாலே, "யோசிங்க அத்தான்" என்கிறாள், அதே தாளத்தில், கரண்டியை அதே மாதிரி ஆட்டிக்கொண்டு. இரண்டாவது ஸ்பீக்கர் வாங்குகிற யோசனை அப்படித்தான் செத்தது.

இதில் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. அரீத்தாவுக்குத் தன் பாட்டுக்கே வாயசைக்க வரவில்லையாம்! ஒரு தடவை பாடின மாதிரி மறுதடவை பாடிப் பழக்கமில்லாதவர். ஷூட்டிங்கில் பாட்டை ஓட விட்டால், பாட்டு ஒரு பக்கம் போகும், அம்மாள் இன்னொரு பக்கம் புதுச் சங்கதி போட்டுக்கொண்டு போவார். டேக் மேல் டேக் எடுத்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் சில இடங்களில் உதடு தப்புவது தெரியும். ஜேம்ஸ் பிரவுனோ, வாயசைக்கிற வேலையே வேண்டாமென்று அங்கேயே நேராகப் பாடிவிட்டார். டி.எம்.எஸ். பாடியதற்கு சிவாஜி கழுத்து நரம்பு புடைக்க வாயசைத்து, பாடியவர் சிவாஜிதான் என்று நம்மைச் சத்தியம் பண்ண வைத்த ஊர் நம்முடையது. பாட்டும் வாயும் ஒரே ஆளுடையதாக இருந்தும் பொருந்தாமல் போனதைப் பார்த்து, சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. நான் கும்பிட்டுவிட்டேன்.

எங்கள் சின்னவளுக்குப் பிடித்தது கேப் கேலோவே என்ற கிழவர். அநாதை இல்லத்தில் வேலை பார்க்கிற ஆளாக வருகிறார். பேண்டு தலைவர்கள் வந்து சேராமல் ஹாலில் கூட்டம் கத்த ஆரம்பித்ததும், நேரத்தைக் கடத்த இவரை மேடையேற்றுகிறார்கள். படம் வந்தபோது அவருக்கு வயது 72. பாடுகிற பாட்டு அவரே 1931-ல் பாடிப் புகழ் பெற்ற 'மின்னி த மூச்சர்'. காலத்துக்கு ஏற்ற மாதிரி டிஸ்கோவில் பாடலாமே என்று அவர் கேட்டாராம். பழைய மாதிரியே வேண்டும் என்று லாண்டிஸ் பிடிவாதமாக நின்றாராம். நல்லவேளை. அவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, கூட்டம் அப்படியே திருப்பிப் பாடுகிறது. போகப் போக அவர் கூட்டத்தால் திருப்பிச் சொல்ல முடியாத மாதிரி வேகத்தைக் கூட்டி வம்பு பண்ணுகிறார். அரோரா பாலாஜி கோயில் பஜனையில் பாகவதர் எங்கள் கோஷ்டியைப் படுத்துகிற பாடு இதேதான். சின்னவள் அங்கே நாமாவளிக்கு நடுவில் கேலோவேயின் குரலைக் கொண்டுவந்ததில் முன்வரிசை மாமிகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூணைப் பார்த்தேன்.

எல்லாப் பாட்டும் தட்டில் இல்லை. மேக்ஸ்வெல் தெருவில் ஜான் லீ ஹூக்கர் நின்று பாடுகிற பாட்டு படத்தில் இருக்கிறது, தட்டில் விட்டுவிட்டார்கள். எனக்குப் பெரிய வருத்தம். அந்தத் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர்போனது. மிசிசிப்பியிலிருந்து வந்திறங்கினவர்கள் பக்கத்துக் கடையிலிருந்து வயர் இழுத்து கிதாருக்குக் கரண்ட் எடுத்து நடுத்தெருவில் வாசிப்பார்களாம். பெரியவர் சின்ன வயதில் அங்கே அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். 1990-களில் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காகச் சந்தையை அப்புறப்படுத்திவிட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்கு மெட்ராஸ் மூர் மார்க்கெட் கண்ணில் வந்தது. திருவள்ளுவர் பஸ்ஸில் ராத்திரி ஏறி, காலையில் இறங்கி, பழைய தட்டாக மூட்டை கட்டிக்கொண்டு வருவீர்களே. 1985-ல் அது எரிந்துபோன செய்தி வந்த அன்று கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்திருந்தீர்கள். எனக்கு எட்டு வயது. யாரோ சொந்தக்காரர் செத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால். தட்டில் இரண்டாவது பாட்டு 'பீட்டர் கன்', பழைய துப்பறியும் டிவி தொடருக்கு ஹென்றி மான்சினி போட்ட இசை. படத்தில் அண்ணன் தம்பி கார் ஓட்டும்போது வரும். பேஸ் கிதார் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடிக்கும். கால் தானாக ஆக்ஸிலேட்டரில் இறங்கும். ஐ-55 நெடுஞ்சாலையில் இதைக் கேட்டுக்கொண்டு போனபோது பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. நிறுத்தினேன். போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து, ஓடுகிற பாட்டைக் கேட்டு, என் முகத்தைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு எச்சரிக்கைச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தார். பின்சீட்டிலிருந்து உங்கள் மகள் தமிழில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். என்ன வார்த்தை என்று உங்களுக்கே தெரியும்.

படத்தின் முடிவில் எல்லோரும் ஜெயிலுக்குள் போய், கைதிகளுக்குக் கச்சேரி செய்கிறார்கள். தட்டின் கடைசிப் பாட்டும் அதுதான். பெலூஷி இதே சிகாகோவில் பிறந்தவர். படம் வந்த இரண்டாவது வருஷம், 1982-ல், 33 வயதில் இறந்துபோனார். குரல் சுமார் என்று சொன்னேனே, அந்தக் கடைசிப் பாட்டில் மட்டும் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

ஜோலியட் மதிலுக்குள் அப்பா என்ன செய்தார் என்று அம்மா சொல்லியிருக்க மாட்டாள், அவள் பார்க்கவில்லையே. அறைகளுக்கு நடுவே நீளமான கூடம். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அப்பா நின்று, குல்லாவைக் கழற்றி, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பலமாக ஒரு கனைப்பு கனைத்தார். கூடம் முழுக்க உருண்டு திரும்பி வந்தது. "உன் மாமன் இங்கே இருந்தா, இந்த எதிரொலிக்கே ஒரு கேசட் போட்டிருப்பான்" என்றார்.

கராஜ் சேலில் தட்டோடு பிரிக்காத டிடிகே 60 ஒன்றும் கிடைத்தது. மொத்தத் தட்டும் 40 நிமிஷம்தான். சைடுக்கு இருபது வீதம் பதிந்து, தை மாதம் தஞ்சாவூர் வருகிற நண்பரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் டெக்கில் பெல்ட் போய்விட்டதாக அத்தை சொன்னார், அதனால் ரப்பர் பெல்ட்டும் இரண்டு அளவில் வைத்திருக்கிறேன். இரண்டு சைடிலும் பத்துப் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கிறது, மாமா. கேசட்டின் பின்பக்கப் பல்லை உடைக்கவில்லை, இன்னும் பதியலாம். கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்